பாட்டிலுக்குள் ஒரு மூழ்கி: மிதப்பையும் வாயு அழுத்தத்தையும் வகுப்பில் காட்டுவது எப்படி

தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே மிதக்கும் ஒரு கண்ணாடி டிராப்பர். பாட்டிலை அமுக்கினால் டிராப்பர் இறங்கும், விட்டால் ஏறும். கார்டீசியன் மூழ்கி என்று பாடநூல்கள் சொல்லும் இந்தச் சோதனைக்குச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஆனால் பல வகுப்புகளில் இது ஒரு வேடிக்கையாகவே முடிந்துவிடுகிறது. ஆசிரியர் இரண்டு முறை அமுக்கிக் காட்டுவார், மாணவர்கள் கைதட்டுவார்கள், விளக்கம் கரும்பலகைக்குப் போய்விடும். டிராப்பர் இறங்குவதை யாரும் சொல்லாமலே எல்லாரும் பார்ப்பார்கள். அது இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே குழாய்க்குள் தண்ணீர் மட்டம் சில மில்லிமீட்டர் ஏறுகிறது. அதைப் பார்க்க வைப்பதுதான் இந்தப் பாடம். கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தச் சில மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான்.

பெயர் தத்துவ அறிஞர் தெக்கார்த்துடையது. ஆனால் இந்தக் கருவியை 1648-ல் அச்சில் விவரித்தவர் கலிலியோவின் சீடர்களில் ஒருவரான ரஃபாயெல்லோ மஜோட்டி. அவருடைய நூல் பேசியது தண்ணீர் அமுக்கத்துக்கு இணங்காது என்பதைப் பற்றி. வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடினால் வாயுவின் பருமன் அதே விகிதத்தில் குறையும் என்ற விதியைப் பாயில் வெளியிட்ட 1662-க்கு 14 ஆண்டுகள் முந்தைய சங்கதி இது. இந்தத் தகவலுக்குப் பாடத்தில் வேலை இருக்கிறது. அமுக்கும்போது சுருங்குவது தண்ணீரா காற்றா என்ற கேள்விதான் சோதனையின் நடுநரம்பு.

தேவையானவை

பாட்டில்: குளிர்பானம் அடைத்து வரும் 1 லிட்டர் பெட் பாட்டில், 25 முதல் 30 செ.மீ. உயரம். வாயு அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே செய்த பாட்டில் என்பதால் சுவர் கெட்டியாக இருக்கும், கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். குடிநீர் வரும் மெல்லிய பாட்டில்கள் மடிந்து அப்படியே நின்றுவிடும். அப்போது உள் அழுத்தம் முழுதாகக் குறையாது, மூழ்கியும் மேலே வராது. வரி வரியாகப் பள்ளம் விழுந்த பாட்டிலும் வேண்டாம், உள்ளே இருப்பது நெளிந்து தெரியும். வழவழப்பானதாகப் பார்த்து எடுத்து, லேபிளையும் பசையையும் சுத்தமாக நீக்குங்கள்.

டிராப்பர்: கண்ணாடிக் குழாயும் ரப்பர் தொப்பியும் உள்ள மருந்து டிராப்பர், 8 முதல் 10 செ.மீ. நீளம். குழாயின் உள்விட்டம் சுமார் 5 மி.மீ., தொப்பியின் வெளிவிட்டம் சுமார் 10 மி.மீ. இருந்தால் நல்லது. பாட்டில் வாயின் உள்விட்டம் 21 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால் தொப்பியில் அகலமான விளிம்பு உள்ள டிராப்பரை முதலில் காலி பாட்டிலில் நுழைத்துப் பாருங்கள். முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன டிராப்பர் தனியாக உதவாது. பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசானது, எடை கட்டாமல் அது மூழ்காது.

இவற்றோடு 12 செ.மீ.க்கு மேல் ஆழமுள்ள கண்ணாடி டம்ளர், அழியாத மார்க்கர், ஒரு தட்டு, பழைய துணி. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தால் நல்லது, முடியாவிட்டால் முந்தைய நாளே பிடித்துத் திறந்த பாத்திரத்தில் வையுங்கள். குழாயிலிருந்து உடனே பிடித்த தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று மெல்ல வெளியேறி டிராப்பர் மேல் குமிழிகளாக ஒட்டிக்கொள்ளும், மிதப்பு தானாகவே கூடிவிடும்.

மூழ்கியைச் சரிசெய்தல்

பொறுமை வேண்டிய இடம் இது. இங்கே அவசரப்பட்டால் வகுப்பில் தடுமாற நேரிடும்.

1. டிராப்பர் குழாயில் மார்க்கரால் 2 மி.மீ. இடைவெளியில் ஏழெட்டுக் கோடுகள் போடுங்கள். நுனியிலிருந்து 2 செ.மீ. விட்டுத் தொடங்கினால் போதும். தொலைவிலிருந்து பார்க்கும் வகுப்பு என்றால் ஒரே ஒரு தடித்த கோடு.

2. டம்ளரில் தண்ணீர் நிரப்பி, தொப்பியை இலேசாக அமுக்கி விட்டு, குழாயின் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை உறிஞ்சச் செய்யுங்கள்.

3. நுனி கீழே பார்க்க டிராப்பரைத் தண்ணீரில் விடுங்கள். தொப்பி நிறைய வெளியே தெரிந்தால் இன்னும் சிறிது உறிஞ்ச விடுங்கள். அடியில் போய் உட்கார்ந்தால் எடுத்து இரண்டொரு சொட்டு வெளியேற்றுங்கள்.

4. தொப்பியின் வளைந்த உச்சியில் 3 முதல் 4 மி.மீ. மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்போது நிறுத்துங்கள்.

ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மி.லி. இந்த நிலையில் ஒரு சொட்டுக்கு உச்சி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும் அல்லது ஏறும். அதனால் கடைசிக் கட்டத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும்.

சரிசெய்த டிராப்பரை டம்ளரிலிருந்து எடுக்கும்போது தொப்பியைப் பிடித்தால் அது அமுங்கி ஒரு சொட்டு போய்விடும். கண்ணாடியைப் பிடித்துத் தூக்குங்கள். நுனித் துளை சிறியது என்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் சிந்தாது. செங்குத்தாகவே கொண்டுபோய்ப் பாட்டில் வாயில் விடுங்கள்.

பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, சிறிது வழியும்படியாகவே மூடியைத் திருகுங்கள். இதைத் தட்டில் வைத்துச் செய்வது நல்லது. விளிம்பு வரை என்பதற்குக் காரணம் உண்டு. மேலே காற்று இருந்தால் உங்கள் கை முதலில் அந்தக் காற்றைத்தான் சுருக்கும். அழுத்தத்தை 5 சதவீதம் கூட்ட, உள்ளே இருக்கும் மொத்தக் காற்றும் ஏறத்தாழ 5 சதவீதம் சுருங்க வேண்டும். மூடிக்குக் கீழே 10 மி.லி. காற்று இருந்தால் அதற்கு அரை மி.லி. அமுக்கினால் போதும். 200 மி.லி. இருந்தால் 10 மி.லி. அமுக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் கைக்கு இது பெரிய வித்தியாசம். "எங்க பாட்டில் வேலை செய்யல சார்" என்ற குரல் வந்தால் முதலில் பாருங்கள், பாட்டிலின் கழுத்து காலியாக இருக்கும்.

வகுப்பில் நடத்தும் வரிசை

ஒரு குழுவில் மூன்று அல்லது நான்கு பேர், ஒரு பாடவேளை. முதலில் எதையும் அமுக்காமல் பாட்டிலைக் கையில் கொடுத்து, "அமுக்கினால் என்ன ஆகும், ஏன்?" என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் ஒருவர் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள். எழுத்தில்தான் அவரவர் எண்ணம் வெளிப்படும். பெரும்பாலும் வரும் பதில்கள்: கை தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, அது டிராப்பரையும் தள்ளுகிறது, தண்ணீர் கனமாகிவிடுகிறது, டிராப்பருக்குள் இருக்கும் காற்று வெளியே போய்விடுகிறது. எதையும் உடனே தவறு என்று சொல்ல வேண்டாம். ஒவ்வொன்றையும் சோதனையே தள்ளிவிடும்.

பிறகு அமுக்கச் சொல்லுங்கள். டிராப்பர் இறங்கும், ஆரவாரம் எழும். அடங்கிய பின் அடுத்த கட்டளை: "இப்போது டிராப்பரைப் பார்க்காதீர்கள். குழாய்க்குள் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். மிக மெதுவாக அமுக்குங்கள்." மெதுவாக அமுக்கும்போது தண்ணீர் ஒரு கோடு ஏறும், தொப்பி சற்றே முங்கும். இன்னொரு கோடு ஏறும், தொப்பி இன்னும் கொஞ்சம் முங்கும். மூன்றாவது கோட்டுக்கு அருகில் தொப்பி முழுக்க முங்கி, டிராப்பர் நழுவி இறங்கும். கையைத் தளர்த்தினால் மட்டம் இறங்கும், பின்னாலேயே டிராப்பர் ஏறும். இந்த முன்பின் வரிசை புரிந்துவிட்டால் காரணமும் விளைவும் மாணவர் மனத்தில் இடம் மாறாது. குழாயின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் மட்டம் தெளிவாகத் தெரியும். டிராப்பருக்குள் நிறத் தண்ணீர் வைக்கலாமே என்று தோன்றும். அது ஓரிரு அமுக்கலில் வெளியே கலந்து பாட்டில் முழுவதையும் கலக்கலாக்கிவிடும், வெள்ளைத் தாளே மேல்.

"கை கீழே தள்ளுகிறது" என்ற எண்ணத்துக்கு: பாட்டிலின் அடிப்பகுதியை மட்டும் அமுக்கச் சொல்லுங்கள், பிறகு கழுத்தருகே, பிறகு பாட்டிலைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில். எங்கே அமுக்கினாலும் குழாய்க்குள் தண்ணீர் ஏறும். மூடிய பாத்திரத்தில் திரவத்துக்குக் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்ற பாஸ்கல் விதிக்கு இதைவிடச் சுருக்கமான செயல்விளக்கம் கிடைப்பது அரிது. "காற்று வெளியே போகிறது" என்பதற்கு: கையை எடுத்ததும் மட்டம் பழைய கோட்டுக்கே திரும்புவதைக் காட்டுங்கள். குமிழி எதுவும் வெளியேறவில்லை என்பதையும் அவர்களே கவனிப்பார்கள்.

இந்த இடத்தில் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது இரண்டாவது பாட்டில் ஒன்று. அதில் டிராப்பருக்குப் பதில் திருகுமூடி உள்ள சிறிய கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் கொஞ்சம் மணல் போட்டு, மூடியின் உச்சி மட்டும் வெளியே தெரியும்படி மிதக்க வைத்து, நீர் புகாதபடி இறுக மூடிவிடுங்கள். இதே பாட்டில், இதே தண்ணீர், இதே கை. எவ்வளவு அமுக்கினாலும் குப்பி இறங்காது. அதன் காற்று கெட்டியான கண்ணாடிக்குள் அடைபட்டிருப்பதால் அழுத்தம் அதைத் தொட முடியாது. தண்ணீர் கனமாகிவிட்டது என்பது உண்மையானால் குப்பி இன்னும் மேலே அல்லவா வர வேண்டும்? இந்த ஒப்பீட்டுப் பாட்டில் இல்லாமல் பாடத்தை முடித்தால், மாணவர் உங்கள் விளக்கத்தை நம்பியிருப்பாரே தவிர சரிபார்த்திருக்க மாட்டார்.

எடை கூடியதா, மிதப்பு விசை குறைந்ததா?

ஆசிரியர்களே குழம்பும் இடம் இது. இரண்டு விளக்கங்களும் சரி, ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. கண்ணாடி, ரப்பர், உள்ளே இருக்கும் காற்று ஆகிய மூன்றையும் மட்டும் மூழ்கி என்று கொண்டால் அதன் எடை மாறவே இல்லை. காற்றின் பருமன் குறைந்ததால் அது இடம்பெயர்க்கும் தண்ணீர் குறைந்தது, ஆகவே மேல்நோக்கு விசை குறைந்தது. குழாய்க்குள் புகுந்த தண்ணீரையும் சேர்த்து மூழ்கி என்று கொண்டால் முழுக்க முங்கிய பின் அதன் வெளிப்பருமன் மாறாது, எடைதான் கூடியது. இரண்டு கணக்கிலும் நிகர விசை ஒன்றே. "தண்ணீர் உள்ளே போய் எடை கூடியது, அதோடு மிதப்பும் குறைந்தது" என்று சேர்த்துச் சொன்னால் ஒரே விளைவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். முதல் வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. காற்றின் பருமன் நேராகக் கண்முன் நிற்கும், பாயில் விதிக்கும் அதிலிருந்து ஒரே எட்டுதான்.

எண்களில்

மேல் வகுப்புகளுக்கு அளந்து காட்டலாம். சரிசெய்த டிராப்பருக்குள் சுமார் 2 மி.லி. காற்று இருப்பதாகக் கொள்வோம். தொப்பியின் உச்சியை 5 மி.மீ. ஆரமுள்ள கோளத்தின் துண்டாக எடுத்துக்கொண்டால், 3 மி.மீ. வெளியே தெரிவது 0.11 மி.லி.க்குச் சமம். அதுதான் மூழ்கியின் கையிருப்பு மிதப்பு. காற்று அந்த அளவுக்குச் சுருங்கினால் கையிருப்பு தீர்ந்துவிடும்.

பருமன் 2.00-லிருந்து 1.89 மி.லி.க்கு இறங்க வேண்டும். வளிமண்டல அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல் என்றால், வெப்பநிலை மாறாதபோது:

101.3 × 2.00 ÷ 1.89 = 107.2 கிலோபாஸ்கல்

கூடியது 5.9 கிலோபாஸ்கல். ஏறத்தாழ 60 செ.மீ. ஆழத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் அது. 5 மி.மீ. உள்விட்டக் குழாயின் குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட 0.2 ச.செ.மீ. என்பதால் 0.11 மி.லி. தண்ணீர் உள்ளே வந்தால் மட்டம் ஐந்தரை மி.மீ. ஏறும். 2 மி.மீ. கோடுகள் போடச் சொன்னது இதனால்தான்.

அதே 5.9 கிலோபாஸ்கலுக்குப் பாட்டிலில் உள்ள 1 லிட்டர் தண்ணீர் சுருங்குவது 0.003 மி.லி. கூட இல்லை. அமுக்கத்துக்கு இணங்குவதில் காற்று தண்ணீரைவிடச் சுமார் 20,000 மடங்கு. தண்ணீர் இணங்காது என்று மஜோட்டி சொன்னது இதைத்தான்.

நடுவில் நிறுத்த முடியுமா?

மாணவர்களுக்குப் போட்டி வையுங்கள்: மூழ்கியைப் பாட்டிலின் பாதி உயரத்தில் அசையாமல் நிறுத்துபவர் யார்? சில நொடிகள் நிறுத்துவார்கள், ஆனால் விரல் ஓயாமல் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். விரலை அப்படியே வைத்திருந்தால் மூழ்கி மேலேயோ கீழேயோ போய்விடும். காரணம், ஒரு செ.மீ. இறங்கினாலும் அங்கே தண்ணீரின் அழுத்தம் சற்று அதிகம், காற்று மேலும் சுருங்கும், மேலும் வேகமாக இறங்கும். ஏறினால் நேர்மாறு. சமநிலை உண்டு, ஆனால் அது நிலையற்றது.

அடியில் போன மூழ்கி கையை எடுத்த பின்னும் அங்கேயே படுத்துவிடுவதற்கும் இதுவே காரணம். 30 செ.மீ. ஆழத்தில் அழுத்தம் சுமார் 3 சதவீதம் அதிகம். 2 மி.லி. காற்று அங்கே 0.06 மி.லி. சுருங்கியிருக்கும். தொப்பியின் உச்சி 2 மி.மீ. மட்டும் தெரியும்படி சரிசெய்திருந்தால் கையிருப்பு 0.05 மி.லி. அளவுதான். மூழ்கி மேலே வர அது போதாது. 3 மி.மீ.க்குக் குறையாமல் விடச் சொன்னதன் கணக்கு இது. வகுப்புக்கு முன்பே படுத்துவிட்டால் கோளாறு, வகுப்பின் முடிவில் வேண்டுமென்றே செய்து காட்டினால் அருமையான பாடம். பாட்டிலைப் படுக்கப் போட்டால் ஆழம் குறைந்து மூழ்கி மேலே எழும் என்பதையும் அப்போது காட்டலாம்.

மீன்களின் காற்றுப்பைக்கும், கடலுக்கடியில் நீந்துவோர் அணியும் காற்றடைத்த மேலங்கிக்கும் இதே சிக்கல் உண்டு. நீர்மூழ்கிக் கப்பலை உதாரணம் சொல்லும்போது மட்டும் கவனம். அதன் உடல் கெட்டியானது. தொட்டிகளில் கடல்நீரை விட்டு இறங்குகிறது, அழுத்திய காற்றால் அந்த நீரை வெளியேற்றி ஏறுகிறது. வெளி அழுத்தத்தால் அதன் காற்று சுருங்கி மூழ்குவதில்லை. "அதே போலத்தான்" என்று ஒரே வரியில் முடித்தால் தவறாகவே பதியும்.

கோளாறுகள்

காலையில் சரியாக இருந்த மூழ்கி பிற்பகலில் இறங்க மறுக்கும். தண்ணீர் 10 டிகிரி சூடேறினால் காற்று 3 சதவீதத்துக்கு மேல் விரியும், கையிருப்பு 0.07 மி.லி. அளவுக்குக் கூடிவிடும். ஆகவே சோதனை செய்யும் அறையிலேயே, அங்கே ஒரு மணி நேரம் இருந்த தண்ணீரில் சரிசெய்யுங்கள். வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம்.

அமுக்க அமுக்க மூடி வழியாகத் தண்ணீர் கசிந்தால், கையை எடுத்ததும் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரும், பாட்டிலின் கழுத்தில் காற்று சேரும், ஒவ்வொரு முறையும் அதிகம் அமுக்க வேண்டியிருக்கும். மூடியின் உள்வளையத்தைத் துடைத்து இறுக்குங்கள், இல்லையேல் வேறு மூடி.

தொப்பி குழாயில் தளர்வாக இருந்தால் காற்று மெல்லக் கசிந்து மூழ்கி அடியோடு போய்விடும். தொப்பியை அமுக்கி, நுனியை விரலால் அடைத்துவிட்டுத் தொப்பியை விடுங்கள். அது பள்ளமாகவே நிற்க வேண்டும். உப்பிக்கொண்டு வந்தால் கசிவு.

டிராப்பர் கிடைக்காவிட்டால்

பேனா மூடி எளிது. பல மூடிகளின் உச்சியில் பாதுகாப்புக்காக ஒரு துளை இருக்கும், முதலில் அதைக் களிமண்ணால் நீர் புகாதபடி அடையுங்கள். பிறகு மூடியின் கிளிப் நுனியில் சிறிது சிறிதாகக் களிமண் சேர்த்து, உச்சி மட்டும் தெரியும்படி மிதக்க விடுங்கள். மூடி ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஏறுவது தெரியாது.

வளையும் ஸ்ட்ராவும் போதும். வளைவை நடுவில் வைத்து இருபுறமும் 3 செ.மீ. விட்டு வெட்டி, இரு முனைகளையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்து, அதில் மேலும் கிளிப்புகளை மாட்டுங்கள். 6 மி.மீ. விட்ட ஸ்ட்ராவுக்கு ஐந்து முதல் ஏழு சிறிய கிளிப்புகள் பிடிக்கும். முனைகள் திறந்தே இருக்க வேண்டும், கிளிப்பை மாட்டும்போது நசுக்கிவிடாதீர்கள். இந்த இரண்டு வகையிலும் வாய் அகலமானது, உள்ளே நீரை வைத்துச் சரிசெய்ய முடியாது. எடையைக் கூட்டிக் குறைத்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். பாட்டிலில் விடும்போது சாய்த்தால் ஒரு குமிழி வெளியேறிக் கணக்கு மாறிவிடும், நேராக இறக்குங்கள்.

நேரம் மிஞ்சினால் உப்பு. 1 லிட்டர் பாட்டிலில் 25 கிராம் உப்பைக் கரைத்து அதே டிராப்பரைத் திரும்ப விடுங்கள். தண்ணீரின் அடர்த்தி 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே கூடும், ஆனால் மூழ்கியை இறக்க முன்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அமுக்க வேண்டியிருக்கும். ஏன் என்பதைக் கையிருப்பு மிதப்பை வைத்து அவர்களே கணக்கிடட்டும். இதைக் கடைசியாகச் செய்யுங்கள், உப்பு நீருக்குச் சரிசெய்த மூழ்கி நல்ல தண்ணீரில் அடியில் போய் உட்காரக்கூடும்.

பாட்டிலை மறுநாளுக்கும் வைத்திருப்பதானால் மூடியைக் கழற்றி வையுங்கள். மறுநாள் டிராப்பர் மேல் பொடிக் குமிழிகள் ஒட்டியிருந்தால் பாட்டிலை இலேசாகத் தட்டி உதிர்த்துவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் சேர்த்து மூடுங்கள்.